'எந்தப் பேப்பர்?' போய் 'எந்த சேனல்?' வந்த பிறகு: ஆவணப் புகைப்படத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

2006-ல் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு முதல்முறை கேமராவோடு போனேன். விடிகாலை நாலு மணி. ஏலம் சூடாக நடந்துகொண்டிருந்தது. பையிலிருந்து கேமராவை எடுத்ததுமே நாலு பேர் கூடிவிட்டார்கள். "எந்தப் பேப்பர் தம்பி?" "என்னிக்கு வரும்?" "என்னை எடு, அவன எடுக்காத." எந்தப் பேப்பரும் கிடையாது, சும்மா பழகுவதற்காக எடுக்கிறேன் என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை. நம்பாவிட்டாலும் ஒருவர் பெரிய வஞ்சிரம் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

இன்று அதே இடத்தில் கேமராவை எடுத்தால் கேள்வி வேறு. "எந்த சேனலு?" "யூட்யூப்ல போட்டு காசு பாக்கப் போறியா?" "கேக்காம எதுக்கு எடுத்த? டெலிட் பண்ணு." கேட்பவர்களில் சிலர் அன்று நின்று போஸ் கொடுத்த அதே ஆட்கள். எடுத்த படம் எங்கெல்லாம் போகும் என்று இப்போது அவர்களுக்குத் தெரியும்.

மக்கள் வாழ்க்கையை உள்ளபடி பதிவு செய்யும் இந்த ஆவணப் புகைப்பட வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகள் என்னிடம் அதிகம் கேட்பது லென்ஸ் பற்றி. அதற்கு யூட்யூபில் நூறு வீடியோ இருக்கிறது. கூச்சத்தோடு இன்னொன்றையும் கேட்கிறார்கள்: "அண்ணா, எப்படி உள்ளே போறது? ஏன் எல்லாரும் முறைக்கிறாங்க?" அதற்கான பதில்தான் இந்தக் கட்டுரை. ஒரு காலத்தில் கேமராவைப் பார்த்ததும் மொத்தமாகக் கிடைத்த அனுமதி, இப்போது திரும்பத் திரும்ப வரும் ஆளுக்குத் தவணையில்தான் கிடைக்கிறது. அந்தத் தவணைகளை எப்படிக் கட்டுவது என்று பார்ப்போம்.

தொடங்கும் முன்: அவர்கள் ஏன் முறைக்கிறார்கள்

முன்பெல்லாம் சென்னையில் எடுத்த படம் டெல்லியிலோ லண்டனிலோ ஒரு பத்திரிகையில் வரும். படத்தில் இருப்பவர் அதைப் பார்க்கவே மாட்டார். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து, டேட்டா விலை சரிந்த பிறகு நிலைமை தலைகீழ். இன்று காலை எடுத்த படம் மதியத்துக்குள் அவருடைய மருமகன் போனுக்கு வந்துவிடும், கீழே யாரோ எழுதிய கேவலமான கமெண்ட்டோடு.

படம் ஒருவரைத் துரத்தவும் செய்யும். 2002 குஜராத் கலவரத்தில் கைகூப்பி உயிருக்குக் கெஞ்சிய தையல்காரரின் படம் உலகம் முழுக்கப் போனது. அந்த முகத்தோடு சொந்த ஊரில் வேலை பார்க்க முடியாமல் அவர் கொல்கத்தாவுக்குப் போக வேண்டியிருந்தது. 2020 மார்ச்சில் லக்னோவில், குடியுரிமைச் சட்டத் திருத்தத்துக்கு எதிரான போராட்டத்தில் குற்றம் சாட்டப்பட்டவர்களின் படங்களையும் முகவரிகளையும் உத்தரப் பிரதேச அரசே சாலையோரப் பேனரில் வைத்தது. அவற்றை அகற்றச் சொல்லி அலகாபாத் உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. இதையெல்லாம் செய்தியில் பார்த்த ஒரு கல்லூரிப் பெண், மெரினாவிலோ வள்ளுவர் கோட்டத்திலோ கையில் அட்டையைப் பிடித்து நிற்கும்போது உங்கள் கேமராவைக் கண்டு துப்பட்டாவை இழுத்துவிட்டால், அவர் செய்வது சரி.

இன்னொன்று வீட்டுப் பெண்களின் பயம்: முகத்தை வெட்டி வேறு உடம்பில் ஒட்டிவிடுவார்கள் என்பது. கடன் செயலிக்காரர்கள் அதையே செய்து மிரட்டிய கதை எல்லாத் தெருவுக்கும் தெரியும். இப்போது ஏஐ வேறு வந்துவிட்டது. அந்தப் பயத்தை "அறியாமை" என்று நினைத்தீர்களானால் இந்த வேலைக்கு வராதீர்கள்.

நம் ஆட்கள் கெடுத்ததும் உண்டு. 2018-ல் ஓர் இத்தாலியப் புகைப்படக்காரரின் தொடர் ஒன்று, பத்திரிகைப் படங்களுக்கு உலக அளவில் பரிசு தரும் வேர்ல்ட் பிரஸ் போட்டோ அமைப்பின் இன்ஸ்டாகிராமில் வந்தது. 2011-ல் உத்தரப் பிரதேசத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் எடுத்தது. ஏழைக் கிராமத்து மக்கள் முன்னால் மேஜை போட்டு, போலி உணவுகளைப் பரப்பி, கண்ணைப் பொத்திக்கொண்டு எதைச் சாப்பிட ஆசை என்று கற்பனை பண்ணச் சொல்லி எடுத்திருந்தார். பெரிய கண்டனம் எழுந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, கொல்கத்தாவில் பாலியல் தொழில் நடக்கும் சோனாகாச்சியில் ஒரு சிறுமி பாலியல் வன்முறைக்கு ஆளாகும் நேரத்தில் முகம் தெரிய எடுத்த படத்தை ஒரு போட்டியின் விளம்பரத்துக்கே பயன்படுத்தினார்கள். அதை எடுத்தவர் வேறொருவர் படத்திலிருந்து ஓர் உருவத்தை வெட்டித் தன் படத்தில் ஒட்டியதும் பிறகு வெளிவந்தது. இந்தக் கடனையெல்லாம் நீங்களும் நானும்தான் சேர்ந்து அடைக்க வேண்டியிருக்கிறது.

முதல் படி: கேமரா இல்லாமல் போங்கள்

குறைந்தது மூன்று தடவை. டீக்கடையில் உட்காருங்கள். என்ன வேலை, யார் எப்போது வருவார், எது பரபரப்பான நேரம், எது ஓய்வு நேரம் என்று பாருங்கள். காசிமேட்டில் ஏலம் நடக்கும்போது போய்ப் பேச்சுக் கொடுத்தால் திட்டுதான் விழும். அவர்களுக்கு ஒவ்வொரு நிமிஷமும் காசு. ஏழு மணிக்கு மேல், ஐஸ் கரைந்த தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டு, பெட்டிமேல் உட்கார்ந்து இட்லி சாப்பிடும்போது போனால் அதே ஆள் "உக்காருப்பா" என்பார். தமிழ்நாட்டுக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகு கரையில் நிற்கும், வலை பின்னிக்கொண்டிருப்பார்கள், பேசுவதற்கு நேரம் இருக்கும். பழகுவதற்கு அதைவிட நல்ல காலம் கிடையாது. புதிதாக வருபவர்கள் அப்போது "ஒண்ணும் நடக்கல" என்று போகாமல் இருந்துவிடுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இருபது பேர் கூட்டமாகப் போகும் போட்டோ வாக்கில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் அதில் ஆவணப் படம் எடுக்க முடியாது. இருபது கேமரா ஒரே அம்மாவின் முகத்துக்கு நேராக நீட்டப்படும்போது எதிரே நிற்பவருக்கு எப்படி இருக்கும் என்று ஒருமுறை அந்தப் பக்கம் போய் நின்று பாருங்கள்.

இரண்டாம் படி: யார் வண்டியில் போய் இறங்குகிறீர்கள் என்று பாருங்கள்

இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. நம் ஊரில் நீங்கள் யார் என்பதை, உங்களை அழைத்து வருபவர்தான் தீர்மானிக்கிறார். ஊர்த்தெருவைச் சேர்ந்த ஒருவரின் பைக்கில் ஏறிக் காலனிக்குள் போய் இறங்கினால், வாய் திறக்கும் முன்பே நீங்கள் ஊர்த்தெரு ஆள். அங்கே எல்லாரும் சிரிப்பார்கள், டீ கொடுப்பார்கள், உண்மையை மட்டும் சொல்ல மாட்டார்கள். துப்புரவுப் பணியாளர்களைப் பார்க்க மேஸ்திரியோடு போனாலும் அப்படித்தான். பஸ்ஸில் போய் இறங்கி, நடந்து போய், அங்கேயே இருக்கும் ஒருவரிடம் முதல் பேச்சைத் தொடங்குங்கள். நேரம் கூட ஆகும், ஆகட்டும்.

நாகை, காரைக்கால் பக்கம் மீனவர் ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம், நாட்டாரிடம் சொல்லாமல் எதுவும் நடக்காது. முதலில் அவர்களைப் பாருங்கள், மரியாதையாகக் கேளுங்கள். ஆனால் தலைவர் சரி என்றால் ஊரே சரி என்றதாகிவிடாது. கணவர் "எடுத்துக்கங்க சார்" என்றால் மனைவி சம்மதித்ததாகிவிடாது. தலைவரின் சம்மதம் உங்களைத் தெருமுனை வரைக்கும்தான் கொண்டுபோய் விடும். அதற்கப்புறம் ஒவ்வொரு வாசலிலும் தனியாகக் கேட்க வேண்டும்.

மதுரைக்காரரான எம். பழனிக்குமாரின் படங்களைப் பாருங்கள். தூய்மைப் பணியாளர்கள், மீனவப் பெண்கள் என்று உழைக்கும் மக்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து எடுத்து வருபவர், பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014-ல் தொடங்கிய, கிராமப்புற மக்களின் வாழ்க்கையைப் பதிவு செய்யும் பாரி இணையதளத்தில் வேலை செய்கிறார். தான் எடுப்பதோடு நிற்காமல், அந்த மக்களின் பிள்ளைகளுக்குக் கேமராவைக் கற்றுக்கொடுத்து அவர்கள் எடுத்த படங்களையும் காட்சிக்கு வைக்கிறார். அந்தப் படங்களில் இருப்பவர்கள் கேமராவைப் பார்க்கும் பார்வையைக் கவனித்தாலே, எத்தனை தடவை போயிருப்பார் என்று புரியும்.

மூன்றாம் படி: வாசல் எது, சுவர் எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பொது இடத்தில் படம் எடுப்பதைப் பொத்தாம்பொதுவாகத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. அதை வைத்துக்கொண்டு "பொது இடம், எனக்கு உரிமை இருக்கு" என்று தெருவில் வாதாடாதீர்கள். 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்துவிட்டது. எதிரில் நிற்பவருக்கும் உரிமை இருக்கிறது.

கோயில்: 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களுக்குள் செல்போன் கொண்டுபோகத் தடை விதிக்கச் சொன்னது. திருச்செந்தூர் கோயில் தொடர்பான வழக்கில் வந்த உத்தரவு அது. போனுக்கே தடை என்றால் கேமராவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். செயல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். இந்தியத் தொல்லியல் துறை இடங்களில் நிலைமை நேர் எதிர். 2018 ஜூலை முதல் தாஜ்மகாலின் கல்லறைப் பகுதி, அஜந்தா, லே அரண்மனை மூன்றையும் தவிர மற்ற இடங்களில் படம் எடுக்க அனுமதித்துவிட்டார்கள். மாமல்லபுரத்தில் தாராளமாக எடுக்கலாம், ஆனால் முக்காலியை விரித்தால் காவலாளி வந்துவிடுவார்.

துறைமுகம், ரயில்வே, பாதுகாப்புத் துறை இடங்கள் எல்லாவற்றுக்கும் தனித்தனி விதி. காசிமேட்டிலேயே மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிச் சென்னைத் துறைமுகம் இருக்கிறது. லென்ஸை எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்ற கவனம் வேண்டும். ட்ரோனுக்கு 2021 விதிகள் இருக்கின்றன. அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில், பறக்கத் தடையுள்ள சிவப்பு மண்டலமா என்று பார்க்காமல் பறக்கவிடாதீர்கள். ட்ரோன் வந்தாலே ஜனங்கள் "நிலத்தை அளக்க வந்துட்டாங்க" என்றுதான் நினைப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

பைக்கில் "பிரஸ்" ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். நீங்கள் பத்திரிகைக்காரர் இல்லையென்றால் அது பொய். அந்தப் பொய் தெரியவரும் நாளில் உங்களுக்கு அடுத்து வருபவருக்கும் கதவு மூடிவிடும்.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் சட்டத்தை முழுசாகத் தெரிந்துகொள்ளுங்கள். 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை எந்த ஊடகத்திலும் வெளியிடக் கூடாது என்கிறது. சட்டத்துக்குப் புறம்பாக வேலைக்கு வைக்கப்பட்ட குழந்தையும் அதில் அடக்கம். செங்கல் சூளையில் வேலை செய்யும் சிறுவனின் முகத்தை இன்ஸ்டாகிராமில் போட்டுக் கண்ணீர்க் குறிப்பு எழுதுபவர்களுக்கு இது தெரிவதில்லை. இன்னொன்று, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவு. ஒரு பெண்ணின் அந்தரங்க நிலையைப் படம்பிடிப்பது பற்றியது. படம் எடுக்கச் சம்மதித்தவர் அதைப் பிறருக்குப் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால் பரப்புவதும் குற்றம் என்று விளக்கம் இருக்கிறது. எடுக்கச் சொன்னது வேறு, போடச் சொன்னது வேறு. இந்த வித்தியாசத்தை எல்லாப் படத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். குற்றால அருவியிலும் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்திலும் குளிக்கும் பெண்களை "நம்பிக்கை" என்று தலைப்பிட்டு எடுத்துக் குவிக்கும் பழக்கம் நம் ஆட்களிடம் இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

நான்காம் படி: கேட்பது எப்படி

நான் சொல்வது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "அக்கா, என் பேரு இது. நான் போட்டோ எடுக்கிறவன், டிவிக்காரன் இல்ல. மீன் மார்க்கெட்டுல வேலை செய்யறவங்கள ரெண்டு வருஷமா எடுத்துட்டு இருக்கேன். கண்காட்சியில வைப்பேன், ஒருவேளை பத்திரிகையில, நெட்ல வரலாம். உங்கள எடுக்கலாமா? வேணாம்னா வேணாம், ஒண்ணும் பிரச்சினை இல்ல."

கடைசி வரியைச் சொல்லும்போது கேமராவைக் கீழே இறக்குங்கள். கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு "வேணாம்னா வேணாம்" என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். நெட்டில் வரலாம் என்பதை மறைக்காதீர்கள். அதைச் சொன்னதும் பாதிப் பேர் மறுப்பார்கள். மீதிப் பாதிப் பேர் உங்களை நம்பத் தொடங்குவது அங்கேதான்.

நம் ஜனங்கள் "முடியாது" என்று முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். "அட போப்பா, என்னைப் போய்" என்று சிரித்துக்கொண்டே முந்தானையை இழுப்பார்கள். "அப்புறம் பாக்கலாம்" என்பார்கள். "வீட்டுக்காரர் வரட்டும்" என்பார்கள். இதெல்லாம் மறுப்பு. சிரித்ததால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நான் பல படம் எடுத்திருக்கிறேன். அவற்றை இப்போது யாருக்கும் காட்டுவதில்லை.

எழுத்தில் கையெழுத்து வாங்கச் சொல்லும் பத்திரிகைகள் உண்டு. கவனமாக இருங்கள். நம் ஊரில் கையெழுத்து, கைநாட்டு என்றாலே கடன், நிலம், கேஸ். படிவத்தை நீட்டியதும் அதுவரை பேசிக்கொண்டிருந்த பாட்டி எழுந்து உள்ளே போய்விடுவார். நான் போனில் குரல் பதிவாக வாங்குகிறேன். எங்கே வரும், யார் பார்ப்பார்கள், பெயர் போடலாமா, ஊர் போடலாமா என்று தமிழில் கேட்டு, அவர் பதிலையும் பதிவு செய்து, அதைத் திருப்பி அவருக்கே போட்டுக் காட்டிவிடுவேன். புதிய இடத்தில் வெளியிட வேண்டுமென்றால் மறுபடி போன் பண்ணிக் கேட்பேன். ஒரு தடவை சொன்ன "சரி" ஆயுசுக்கும் செல்லாது.

முகம் தெரிந்தால் வேலை போகும் என்ற நிலையில் இருப்பவர்கள் உண்டு. மலக்குழியில் மனிதரை இறக்குவதை, கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013 சட்டம் தடை செய்கிறது. அப்படி இறங்கியவரின் முகத்தோடு படம் வந்தால், இறக்கிய ஒப்பந்தக்காரருக்கு வரும் தொல்லையைவிட இறங்கியவருக்கு வருவது அதிகம். கையை எடுங்கள், முதுகை எடுங்கள், காய வைத்த துணியை எடுங்கள். படக் கோப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் இருப்பிடத் தகவலை நீக்கிவிட்டு அனுப்புங்கள். முதுகுப் பக்கம் எடுத்துவிட்டு, எந்தத் தெரு என்ற விவரத்தை அப்படியே ஏற்றிவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாம் படி: எடுக்கும்போது

கிட்டே நின்று எடுங்கள். 35 எம்.எம். லென்ஸில் எடுத்தால் நீங்கள் எடுப்பது அவருக்குத் தெரியும், அவர் மறுக்கவும் முடியும். தூரத்தில் ஒளிந்து நின்று 200 எம்.எம்.மில் இழுத்தால் அந்த வாய்ப்பை நீங்கள் பறித்துவிடுகிறீர்கள். எடுத்த படத்தை உடனே திரையில் காட்டுங்கள். "தலைய வாரிட்டு வரேன், இன்னொண்ணு எடு" என்றால் எடுங்கள். அந்தப் படம் உங்கள் தொடருக்கு ஆகாமல் போகலாம், அவருக்கு அது வேண்டும்.

குழந்தைகளுக்கு மிட்டாய், சாக்லேட் கொடுத்துப் படம் எடுக்காதீர்கள். 2018 மே மாதம் பிள்ளை பிடிப்பவர்கள் பற்றி வாட்ஸ்அப்பில் வதந்தி பரவிய நேரம். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் கோயிலுக்குக் காரில் வந்த குடும்பத்தில் ஒரு மூதாட்டி, வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். ஊர் சந்தேகப்பட்டு அடித்ததில் அவர் இறந்துபோனார். வெளியூர் ஆள், குழந்தை, தின்பண்டம் மூன்றும் சேர்ந்தால் அந்த ஊர்த் தாய்மார்களுக்கு என்ன தோன்றும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். முதலில் பெற்றோர், பிறகு குழந்தையிடமும் கேளுங்கள். குழந்தைக்கும் "வேணாம்" சொல்லத் தெரியும்.

துக்கத்தை எடுப்பது பற்றி. சுனாமி வந்து இரண்டு நாள் கழித்து, 2004 டிசம்பர் 28 அன்று, கடலூரில் இறந்துபோன உறவினர் பக்கத்தில் கைகளை விரித்துத் தரையில் கவிழ்ந்து அழும் ஒரு பெண்ணை ராய்ட்டர்ஸின் ஆர்கோ தத்தா எடுத்தார். அந்த ஆண்டின் சிறந்த படமாக வேர்ல்ட் பிரஸ் போட்டோ தேர்ந்தெடுத்தது அதைத்தான். அந்தப் படம் வேண்டும், அன்று அது உலகத்துக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஆனால் அதற்குப் பின்னால் அந்தக் கடற்கரைக்கு வந்த கேமராக்களுக்குக் கணக்கே இல்லை. சில ஆண்டுகள் கழித்து நாகைப் பக்கம் ஒரு குப்பத்தில் உட்கார்ந்திருந்தபோது ஓர் அம்மா என்னிடம் சொன்னார்: "அப்ப வந்தவங்க எல்லாம், பையன் போட்டோவைக் கையில புடிச்சிட்டு கடலைப் பாத்து நில்லுங்கன்னாங்க. நானும் நின்னேன். எத்தன தடவ நிப்பேன்?" நான் கேமராவைப் பையிலிருந்து எடுக்காமலே திரும்பி வந்தேன்.

சாவு வீட்டில் யாரிடம் கேட்பது? அழுதுகொண்டிருப்பவரிடம் கேட்காதீர்கள். பந்தலுக்கு வெளியே நாற்காலி எண்ணிக்கொண்டிருக்கும் மாமனோ சித்தப்பாவோ இருப்பார், அவரிடம் கேளுங்கள். அவர் சரி என்றாலும், உள்ளே இருப்பவர் உங்களைப் பார்த்து முகம் திருப்பினால் அத்தோடு நிறுத்துங்கள்.

கூவாகம் தனியாகச் சொல்ல வேண்டிய இடம். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கூத்தாண்டவர் கோயில், சித்திரைத் திருவிழா. திருநங்கைகள் அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்வார்கள், மறுநாள் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவை கட்டி ஒப்பாரி வைப்பார்கள். தாலி அறுக்கும் இடத்தில் ஒருவரைச் சுற்றிப் பத்துப் பதினைந்து லென்ஸ் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அழுபவர் முகத்துக்கும் லென்ஸுக்கும் நடுவில் ஒரு கை அகலம்கூட இல்லை. முதல் வருஷம் நானும் அந்த வட்டத்தில்தான் நின்றேன். அடுத்த வருஷம் திருவிழாவுக்கு நாலு மாதம் முன்பே இரண்டு பேரைத் தேடிப் போய்ப் பேசினேன். அவர்களில் மூத்தவர், நான் அம்மா என்று கூப்பிடுபவர், விழாவன்று என்னிடம் சொன்னார்: "மேக்கப் போடறத எடு, தாலி கட்டறத எடு, ஆடறத எடு. அறுக்கும்போது மட்டும் பக்கத்துல உக்காரு, எடுக்காத." உட்கார்ந்தேன். அந்தத் தொடரில் தாலி அறுக்கும் படம் கிடையாது. கண்காட்சியில் பலர் அது ஏன் இல்லை என்று கேட்டார்கள். காரணத்தைச் சொன்னேன்.

காசு கொடுக்கலாமா? போஸ் கொடுக்கக் காசு கொடுப்பதில்லை. கொடுத்தால் அடுத்த தெருவில் கூலி பேச வேண்டியிருக்கும், நடப்பதும் நடிப்பாகிவிடும். ஆனால் ஒருவரின் அரை நாள் வேலையைக் கெடுத்திருந்தால் அந்தக் கூலியைக் கொடுத்துவிடுங்கள். படம் விலைக்குப் போனால் ஒரு பங்கு அவருக்கு. எவ்வளவு என்பதை உங்கள் மனசாட்சி சொல்லும்.

ஆறாம் படி: படத்துக்குக் கீழே எழுதுவது

படத்தைவிட அதன் கீழே எழுதும் இரண்டு வரி அதிகம் காயப்படுத்தும். 1936-ல் கலிபோர்னியாவின் நிபோமோவில் டொரோதியா லாங்கே எடுத்த புலம்பெயர்ந்த தாயின் படம் எல்லாப் புகைப்பட வகுப்பிலும் காட்டப்படும். லாங்கே அந்தத் தாயின் பெயரைக் கேட்கவில்லை. சாப்பாட்டுக்காகக் கார் டயரை விற்றுவிட்டார்கள் என்று எழுதினார். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று குடும்பத்தார் பிறகு மறுத்தார்கள். ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்ற அவருடைய பெயர் 1978-ல்தான் வெளியே தெரிந்தது. அந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்பது அவருடைய வார்த்தை.

நானும் அப்படி ஒன்றைச் செய்தேன். காசிமேட்டில் கூடையைத் தலையில் வைத்துத் தரையைப் பார்த்து நடந்து வரும் ஒரு பெண்ணின் படம். "வறுமையின் சுமை" என்று எழுதி அனுப்பினேன். ஒரு பத்திரிகை அப்படியே போட்டது. ஆறு மாதம் கழித்து அந்த அக்காவே என்னைக் கூப்பிட்டார். அவர் மகள் காட்டியிருக்கிறாள். "நான் எப்ப உங்கிட்ட பசின்னு சொன்னேன்? இங்க ஏலத்துல மொத்தமா எடுக்கிறவ நான். எங்கிட்ட நாலு பேர் வேலை செய்யறாங்க. தரை வழுக்குதேன்னு கீழ பாத்து நடந்தேன். அதுக்கு வறுமையா?" பதில் சொல்ல வார்த்தை இல்லை. அவர் பெயரைக்கூட நான் கேட்டிருக்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு வழக்கம். எடுத்தவுடன் பெயர், வேலை, ஊர் மூன்றையும் நோட்டில் எழுதுவேன். எழுதிய குறிப்பை அனுப்பும் முன் அவருக்குப் போனில் படித்துக் காட்டுவேன். அவர் சொன்னதை மட்டும் எழுதுவேன், முகத்தைப் பார்த்து நானாக நினைத்துக்கொண்டதை எழுதுவதில்லை. பத்திரிகைக்கு அனுப்பும்போது "குறிப்பை மாற்றினால் எனக்குச் சொல்லுங்கள்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கேமரா பதிவு செய்த, திருத்தம் எதுவும் செய்யாத ரா (RAW) கோப்புகளை அழிக்காமல் வைத்திருங்கள். "இது ஏஐ படமா?" என்று கேட்கும் காலம் வந்துவிட்டது, காட்டுவதற்கு உங்களிடம் மூலப்படம் இருக்க வேண்டும். போட்டிகளுக்கு அனுப்பும்போது விதிகளைக் கடைசி வரி வரைக்கும் படியுங்கள். எல்லா உரிமையையும் எழுதி வாங்கிக்கொள்ளும் போட்டிக்கு அடுத்தவர் முகத்தை அனுப்ப உங்களுக்கு அனுமதி கிடையாது.

தகராறு வந்தால்

கூட்டம் சேர்ந்துவிட்டால் சட்டம் பேசாதீர்கள். கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு, இரண்டு கையும் தெரியும்படி நில்லுங்கள். பெயரைச் சொல்லுங்கள், எடுத்த படங்களைக் காட்டுங்கள். அழிக்கச் சொன்னால் அவர்கள் கண் முன்னாலேயே அழியுங்கள். போனில் எடுத்திருந்தால் குப்பைத்தொட்டிக்குள் போயும் அழியுங்கள், அதை அவர்களுக்குத் தெரிந்த தம்பிகள் கட்டாயம் பார்ப்பார்கள். மென்பொருள் போட்டு வீட்டில் மீட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொடுப்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். முடிந்தால் மறுநாள் கேமரா இல்லாமல் போய், கத்தியவரைத் தனியாகப் பார்த்து ஒரு டீ சாப்பிடுங்கள். எனக்கு இன்று காசிமேட்டில் நெருக்கமான இருவர், அப்படிக் கத்தியவர்கள்தான்.

ஏழாம் படி: திரும்பிப் போங்கள், கையில் பிரிண்டோடு

வாட்ஸ்அப்பில் அனுப்புவது போதாது. போன் மாறும், மெமரி நிரம்பும், படம் போய்விடும். நாலுக்கு ஆறு சைஸில் ஸ்டூடியோவில் பிரிண்ட் போட ஒரு டீ, வடைக் காசுதான் ஆகும். முடிந்தால் லேமினேட் பண்ணுங்கள். மீன் மார்க்கெட்டில் ஈரக் கையால்தான் வாங்குவார்கள்.

ஐஸ் பார் உடைக்கும் பெரியவர் ஒருவரை 2013-ல் எடுத்தேன். விடியும் வெளிச்சத்தில், தோளில் துண்டோடு, லேசான சிரிப்பு. பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வருஷம் கழித்துப் போனபோது மார்க்கெட் நுழைவில், மின்கம்பத்தில் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர். அதே படம். துண்டும் சிரிப்பும் அப்படியே இருந்தது, பின்னால் இருந்த ஐஸ் மிஷினை எடுத்துவிட்டு நீல வானமும் மேகமும் போட்டிருந்தார்கள். அவர் மகனைப் போய்ப் பார்த்தேன். "அப்பாவுக்குத் தனியா நல்லா எடுத்த போட்டோ அது ஒண்ணுதான்ணே இருந்துச்சு" என்றான். வீட்டுக்குள் கூட்டிப்போய்க் காட்டினான். சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஃபிரேம் போட்டு, குங்குமம் வைத்து, சின்னச் சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பிள்ளைகள் கல்யாணம், காதுகுத்து எதற்கும் என்னைக் கூப்பிடாமல் இருந்ததில்லை. காசிமேட்டில் யாராவது "எந்த சேனலு?" என்று என்னைக் கேட்டால் அந்தப் பையன்தான் பதில் சொல்கிறான்.

என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எப்போதும் ஒரு கடன் பட்டியல் இருக்கும், யாருக்கு எத்தனை பிரிண்ட் பாக்கி என்று. நீங்களும் முதல் நாளிலிருந்தே ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். இந்த வாரப் பட்டியலில் வலை பின்னும் அண்ணனுக்கு இரண்டு, நண்டு விற்கும் அக்காவுக்கு மகளோடு எடுத்தது ஒன்று, இட்லிக் கடைப் பாட்டிக்குக் கடை போர்டு தெரிகிற மாதிரி பெரிய சைஸில் ஒன்று. ஸ்டூடியோவில் சனிக்கிழமை சாயங்காலம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஞாயிறு விடிகாலை மூன்று மணிக்கெல்லாம் வண்டியை எடுத்துவிட வேண்டும்.